கணினிப் பொறியியல்: இடங்கள் பெருகினால் போதுமா?

புதுதில்லி: சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயில் பாதையில், திருப்பதிக்குச் செல்வோர் வண்டி மாறும் சந்திப்பாகவே ரேணிகுண்டாவைத் தமிழக மக்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர். அந்த ஊரின் முகம் கடந்த பத்தாண்டுகளில் மாறிவிட்டது. விமான நிலையம் உள்ள அந்தப் பகுதியில் மின்னணுப் பொருள் உற்பத்தித் தொகுப்புகள் உருவாகியுள்ளன. டிக்சன் நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டிகளையும், டி.சி.எல். நிறுவனம் காட்சித் திரைகளையும் தயாரிக்க அங்கு ஆலைகளை அமைத்துள்ளன. காளஹஸ்தி செல்லும் சாலையில் உள்ள ஏர்ப்பேட்டில் திருப்பதி ஐ.ஐ.டி.யின் நிரந்தர வளாகம் எழுந்துள்ளது.

இவ்வளாகம் நாடாளுமன்றம் அளித்த வாக்குறுதியின் விளைவாகும். 2014-ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டத்தின் 13-ஆவது அட்டவணை, ஐ.ஐ.டி. உள்ளிட்ட தேசிய உயர்கல்வி நிறுவனங்களைப் புதிய ஆந்திரத்துக்கு உறுதியளித்தது. அதற்கான நடவடிக்கைகளை எடுக்கப் பத்தாண்டுக் காலத்தை அச்சட்டம் வரையறுத்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் வழிகாட்டுதலில் 2015-இல் தாற்காலிக வளாகத்தில் வகுப்புகள் தொடங்கின. கணினி அறிவியல், மின்னியல், இயந்திரவியல், கட்டடவியல் ஆகிய நான்கு பிரிவுகளே தொடக்கத்தில் இருந்தன. நிரந்தர வளாகம் 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கட்டடத்தைப் பொருத்தவரை வாக்குறுதி காப்பாற்றப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

அடுத்த கட்டமாக, திருப்பதி, பாலக்காடு, பிலாய், ஜம்மு, தார்வாட் ஆகிய ஐந்து ஐ.ஐ.டி.களை விரிவுபடுத்த 2025 மே மாதத்தில் மத்திய அமைச்சரவை ரூ.11,828.79 கோடிக்கு ஒப்புதல் வழங்கியது. இந்த ஐந்திலும் சேர்த்து மாணவர் எண்ணிக்கை நான்காண்டுகளில் 7,111-லிருந்து 13,687 ஆக உயரும். பேராசிரியர் நிலையில் 130 பணியிடங்களுக்கும் அனுமதி தரப்பட்டது. இளநிலை ஆசிரியர்கள் இதில் சேரமாட்டார்கள் என்றாலும், பணியிடத்தை அனுமதிப்பது வேறு, அதில் தகுதியுள்ள ஒருவர் அமர்வது வேறு. உயர்கல்வி நிறுவனங்களின் காலிப் பணியிடங்கள் குறித்து நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை கவலை தெரிவித்திருப்பது இதனால்தான்.

ஐ.ஐ.டி.க்களுக்கே இந்தக் கவலை என்றால், சுற்றுவட்டாரத் தனியார் கல்லூரிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலும், எல்லையைத் தாண்டித் திருத்தணி, வேலூர் பகுதிகளிலும் பிளஸ் டூ முடிக்கும் மாணவரின் முதல் விருப்பம் பெரும்பாலும் கணினிப் படிப்பே. நிலத்தை அடகு வைத்தேனும், வங்கியில் கடன் பெற்றேனும் பிள்ளையை அதில் சேர்த்துவிடப் பெற்றோர் முனைகின்றனர். இந்த விருப்பத்துக்கு ஈடுகொடுக்க, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 2024-25 கல்வியாண்டு முதல், உரிய தகுதிகளைக் கொண்ட கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் எத்தனை இடங்கள் என்ற உச்சவரம்பை நீக்கியது. புதிய பொறியியல் கல்லூரிகளுக்கு 2020-இல் விதிக்கப்பட்ட தடையும் 2023-இல் விலக்கப்பட்டிருந்தது.

இதில் தவறென்ன என்று கேட்போர் உண்டு. வேலை எங்கே இருக்கிறதோ அங்கே மாணவர்கள் செல்கின்றனர், கேட்கும் படிப்பைத் தருவதுதானே முறை என்பது அவர்களது வாதம். கிராமத்து முதல் தலைமுறை மாணவரை மென்பொருள் நிறுவனங்களின் வாசலுக்குக் கொண்டு சேர்த்ததும் இப்படிப்புதான். ஆகவே அவ்வாதத்தை அலட்சியப்படுத்த இயலாது. எனினும், இடத்தைக் கூட்டுவதற்கும் கல்வியைக் கூட்டுவதற்கும் இடையிலுள்ள தூரத்தை ஓர் எளிய கணக்கே காட்டிவிடும்.

ஒரு கல்லூரி கணினிப் பிரிவில் ஆண்டுக்கு 60 இடங்களைக் கூடுதலாகப் பெறுவதாகக் கொள்வோம். நான்காண்டுகளில் 240 மாணவர்கள் சேர்ந்துவிடுவர். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி 12 ஆசிரியர்கள் தேவை. பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் ஆகியோர் 1:2:6 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதால், அவர்களில் மூவரோ நால்வரோ முனைவர் பட்டமும் நீண்ட அனுபவமும் பெற்ற மூத்த ஆசிரியர்களாக இருத்தல் அவசியம். கணினித் துறையில் அத்தகுதி படைத்தவருக்குத் தொழில் நிறுவனங்கள் அளிக்கும் ஊதியத்தைப் பெரும்பாலான கல்லூரிகளால் அளிக்க இயலாது. ஓராண்டில் 60 இடங்களைக் கூட்ட ஓர் உத்தரவு போதும். ஒரு மூத்த ஆசிரியர் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

இந்நாட்டில் கணினிக் கல்வி தொடங்கிய விதமே வேறு. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 கணினி வந்தபோது, அமெரிக்காவின் ஒன்பது பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் இணைந்த கூட்டுத் திட்டத்தின்கீழ் பேராசிரியர்களும் உடன் வந்தனர். அங்கு கணினி அறிவியலில் இளநிலைப் பட்டப் படிப்பு தொடங்கியது 1970-களின் பிற்பகுதியில்தான். முதலில் கற்பிப்போரை உருவாக்கிக்கொண்டு, பிறகே இடங்களை உருவாக்கினர். இன்று அந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

இதன் விலையைக் கொடுப்பவர் மாணவரே. கணினிப் பொறியியல் என்பது ஏதேனும் ஒரு நிரல்மொழியைப் பழகுவதுடன் முடிவதன்று. தர்க்கச் சுற்றுகள், கணினி அமைப்பு, இயக்க முறைமை, தரவுக் கட்டமைப்புகள், வலையமைப்பு, அவற்றுக்கு அடிப்படையான கணிதம் ஆகியவை சேர்ந்ததே அப்பட்டம். நல்ல ஆசிரியரும் ஆய்வகமும் இல்லாத இடத்தில் இவை தேர்வுக்கான மனப்பாடமாகச் சுருங்கிவிடுகின்றன. இதுவரை, குறைபட்ட பட்டத்தை நிறுவனங்கள் தம் சொந்தப் பயிற்சியால் ஈடுசெய்து வந்தன. இனி அதை நம்பியிருக்க இயலாது. வழக்கமான நிரல்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே எழுதத் தொடங்கிவிட்டன. நாட்டின் மிகப்பெரிய மென்பொருள் நிறுவனமான டி.சி.எஸ்., சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. அடிப்படை வலுவாக உள்ளவர் இம்மாற்றத்தைச் சமாளிப்பர். கடன் வாங்கிப் படித்தும் அடிப்படை பெறாதவர் என்ன செய்வார்?

ரேணிகுண்டா இதற்கு ஒரு வழியையும் காட்டுகிறது. மின்னணுச் சுற்றுப் பலகைகள் பொருத்தப்படும் ஆலைகளும், கணினிப் பொறியியல் கற்பிக்கும் வகுப்பறைகளும் ஒரே வட்டாரத்தில் அமைந்த ஊர்கள் நாட்டில் அதிகமில்லை. சிப் வடிவமைப்பில் 85,000 பொறியாளர்களை உருவாக்க மத்திய அரசு தனித் திட்டமே வைத்துள்ளது. இந்த ஆலைகளில் ஒரு பருவம் முழுவதும் பயிற்சி பெறுவதை இவ்வட்டாரக் கல்லூரிகள் பாடத்திட்டத்தில் கட்டாயமாக்கலாம். ஆலைகளின் பொறியாளர்களைப் பகுதி நேர ஆசிரியர்களாக அமர்த்தலாம். ஏர்ப்பேட்டின் ஆய்வகங்களை விடுமுறைக் காலங்களில் பிற கல்லூரி ஆசிரியர்களின் பயிற்சிக்குத் திறந்துவிடலாம். இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. மாநில அரசும் நிறுவனங்களும் ஒருமுறை அமர்ந்து பேசினாலே போதும்.

மத்திய அரசு செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. கூடுதல் இடம் கேட்கும் கல்லூரி, அந்தந்தத் துறையில் எத்தனை முழுநேர ஆசிரியர்கள் எத்தகுதியுடன் உள்ளனர் என்பதைக் கலந்தாய்வுக்கு முன்பே, மாணவர் சேர்க்கை விவரங்களுடன் பெற்றோர் காணும்படி வெளியிட வேண்டும். ஆசிரியர் நியமனத்துக்குப் பிறகே கூடுதல் இடத்துக்கு அனுமதி என்பது விதியாக வேண்டும்.

நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தின்போது, தங்கள் தொகுதிக்கு எத்தனை கல்வி நிறுவனங்கள், எத்தனை இடங்கள் என்று உறுப்பினர்கள் கேட்பது வழக்கம். அமைச்சர்களும் எண்களை அடுக்கிப் பதிலளிப்பர். 13-ஆவது அட்டவணைப்படி வளாகத்தைக் கேட்டுப் பெற்ற அதே அவையில், அந்த வளாகத்திலும் அதைச் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் பாடம் நடத்த யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியும் இனி எழ வேண்டும். பிள்ளையின் நான்காண்டுகளையும் குடும்பத்தின் சேமிப்பையும் ஒப்படைக்கும் பெற்றோருக்கு அந்தப் பதிலைப் பெறும் உரிமை உண்டு.