இடக்கைக்கு இடம் எங்கே?

மதுரைத் திருக்கோயிலின் வெள்ளியம்பலத்தில் நடராசப் பெருமானைத் தரிசித்தவர்கள் ஒரு வேறுபாட்டைக் கண்டிருப்பர். தில்லையில் வலத்தாள் ஊன்றி இடத்தாள் தூக்கி ஆடும் இறைவன், அங்கே இடத்தாள் ஊன்றி வலத்தாள் தூக்கி ஆடுகின்றான். இதன் காரணத்தைத் திருவிளையாடற் புராணம் கூறும். அறுபத்துமூன்று கலைகளில் வல்லவனாகிய இராசசேகர பாண்டியன், எஞ்சி நின்ற பரதத்தையும் பயின்றான். பயின்றபோதுதான் ஆட்டத்தின் உடல்நோவு அவனுக்குத் தெரிந்தது. சில நாள் ஆடிய தனக்கே இவ்வளவு நோவு என்றால், ஒரே தாளை ஊன்றி ஓயாது ஆடும் பெருமானுக்கு எவ்வளவு நோகும் என்று உருகினான். கால் மாறி ஆடுமாறு வேண்டினான். இறைவனும் கால் மாறி ஆடினான்.

அடியவன் ஒருவன் கேட்டதற்காக ஆண்டவனே காலை மாற்றிக்கொண்டான். ஆனால், என் மேசையின் வலப்புறம் கிடந்த கணிப்பொறி மௌஸை இடப்புறத்துக்கு மாற்றிக்கொள்ள நான் பட்ட பாடு சிறிதன்று.

நான் இடக்கைப் பழக்கம் உடையவன். தலைநகரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாக எழுத்தராகப் பணிபுரிகின்றேன். பச்சை நோட்டுத்தாளில் பேனாவால் குறிப்பு எழுதிய காலத்தில், எழுதிய வரியின் மேலேயே என் கை நகர்ந்து மையை இழுக்கும். தாள்களைக் கோத்த டேக் இடப்பக்க மேல்மூலையில் இருக்கும். அதன் முடிச்சு என் கையின்கீழ் உறுத்தும். 'குறிப்பு சரி, எழுத்துத்தான் அழுக்கு' என்று மேலதிகாரி ஒருவர் என் கோப்பைத் திருப்பியதும் உண்டு. கணிப்பொறி வந்தபோது, மையும் டேக்கும் ஒழிந்தன என்று மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சி முதல் நாளிலேயே போயிற்று.

எங்களுக்கு வழங்கப்பட்ட மௌஸ், வலக்கைப் பெருவிரல் பதியுமாறு இடப்பக்கம் குழித்துச் செய்யப்பட்டது. அதை இடக்கையில் பிடித்தால், குழிவிருக்க வேண்டிய பக்கத்தில் மேடு இருக்கும். இழுத்து இடப்புறம் வைத்தாலோ, கம்பி விசைப்பலகையின் மேல் குறுக்கே கிடக்கும். பொத்தான்களை இடம் மாற்றி அமைக்கும் வசதி விண்டோஸ் மென்பொருளிலேயே உண்டு, அதைச் செய்தேன். அக்கணிப்பொறி எனக்கும் இன்னொருவருக்கும் பொது. மறுநாள் அவர் வந்து அழுத்திப் பார்த்து, 'இயந்திரம் கெட்டுவிட்டது' என்று புகார் எழுதினார். பழுது பார்க்க ஆள் வந்தார். பழுது நான்தான் என்று தெரிந்தது.

பின்னர், இரு கைக்கும் பொருந்தும் மௌஸ் ஒன்று வேண்டும் என முறைப்படி விண்ணப்பித்தேன். சில வாரங்கள் கழித்துக் கோப்பு வினாக்களோடு திரும்பியது. எந்த விதியின்கீழ் இக்கோரிக்கை? மருத்துவச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளதா? நான் நோயாளி அல்லேன். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகின்றது; இடக்கைப் பழக்கம் அவற்றுள் ஒன்றன்று, ஒன்றாக இருக்கவும் வேண்டுவதில்லை. குறையே இல்லாதவன் குறைக்குச் சான்று எங்கே பெறுவான்? நேரு பிளேஸ் கடைத்தெருவுக்குச் சென்று என் காசில் ஒன்று வாங்கி வந்தேன். சில நூறு ரூபாயில் தீர்ந்த செய்திக்கு அக்கோப்பு ஏழு மேசை ஏறி இறங்கியது.

இதை என் சொந்தக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டா. உலக மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உடையவர். அடக்கி வளர்க்கும் நம் நாட்டில் அதில் பாதியே என்று கொண்டாலும், 140 கோடியில் 7 கோடிப் பேர் ஆகின்றனர். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு மாநிலத்தின் அளவு மக்களை நினையாமலே நாம் நாற்காலி செய்கின்றோம், கத்தரிக்கோல் வாங்குகின்றோம்.

மௌஸின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்க அறிஞர் அதைக் கண்டறிந்தார். மரத்தால் ஆகிய முதல் மாதிரி 1964 இல் செய்யப்பட்டது. 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோ நகரில் அவர் அதை அவைக்குமுன் இயக்கிக் காட்டினார். அன்று அவருடைய வலக்கையில் மௌஸ் இருந்தது. இடக்கையின்கீழ் ஐந்து விசைகள் கொண்ட சிறு கருவி ஒன்றும் இருந்தது. ஒரு கை சுட்ட, மறு கை கட்டளையிட, இரண்டும் ஒத்துழைக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. பின்வந்த வாணிகம் வலக்கைக் கருவியை வைத்துக்கொண்டு இடக்கைக் கருவியைக் கைவிட்டது. போதாக்குறைக்கு விசைப்பலகையின் வலக்கோடியில் எண்விசைகளையும் கூட்டி, வலப்புறத்தையே மேலும் நீட்டியது. ஆகவே, 'மௌஸ் வலக்கைக்கே உரியது' என்று இன்று சொல்வது இயற்கை நியதி பேசுவதன்று; கடைக்காரர் வழக்கைப் பேசுவதே ஆகும்.

இனி, கத்தரிக்கோலைப் பாருங்கள். அதன் இரு அலகுகளும் ஒன்றையொன்று உரசினால்தான் துணி அறுபடும். வலக்கையால் பிடிக்கும்போது விரல்களின் இயல்பான அழுத்தம் அலகுகளை நெருக்குகின்றது. இடக்கையால் பிடித்தாலோ அதே அழுத்தம் அவற்றை விலக்குகின்றது. துணி அறுபடாது மடங்கும்; வெட்டவேண்டிய கோடும் மேல் அலகின் மறைவில் போய்விடும். பள்ளிக் கைவேலை வகுப்பில் இடக்கைப் பிள்ளையைப் 'பொறுப்பற்றவன்' என்று சொல்லும் ஆசிரியர், அந்தக் கத்தரிக்கோலைத் தம் இடக்கையில் பிடித்து ஒரு சாண் காகிதம் வெட்டிப் பார்த்தல் வேண்டும். திருகாணியும் அவ்வாறே. அதை முடுக்க வலஞ்சுழியாகத் திருப்புகின்றோம். வலக்கை அத்திசையில் திரும்பும்போதுதான் முன்கைக்கு வலிமை மிகுதி. இடக்கையன் மெலிந்த திருப்பத்தால் முடுக்குகின்றான். கழற்றுவதில் மட்டும் அவனே வல்லவன்! தேர்வுக்கூடத்து நாற்காலியோ கொடுமை. எழுதும் பலகை அதன் வலக்கையில் மட்டும் பொருத்தப்பட்டிருக்கும். நான் இப்பணிக்கான தேர்வை உடலை முறுக்கிக்கொண்டு அத்தகைய நாற்காலியில் அமர்ந்தே எழுதினேன். எல்லார்க்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம் என்பர். ஒரே நாற்காலியும் என்பதில்தான் நீதி வழுவுகின்றது.

கருவி அனைத்தும் இப்படித்தான் இருக்க வேண்டுமா? நம் பாட்டிமார் அமர்ந்த அரிவாள்மணையைக் கருதுங்கள். கத்தி நிற்க, காய் நகர்கின்றது. எக்கை தள்ளினும் அது அறுக்கும். மிருதங்கத்தைக் கருதுங்கள். சென்ற நூற்றாண்டின் பெரும் மிருதங்க மேதைகளுள் ஒருவரான பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைப் பழக்கம் உடையவர். அவருக்காக இசை மாறவில்லை, தாளம் மாறவில்லை. வாத்தியத்தைத் திருப்பி வைத்து, மேடையில் வயலினும் மிருதங்கமும் இடம் மாறி அமர்ந்தால் வலந்தலை அவையை நோக்கும். அவ்வளவே. அச்சிறு மாற்றத்துக்கு இடங்கொடாது போயிருந்தால் இழப்பு யாருக்கு?

கணிப்பொறியில் தமிழ் எழுதுவோர் இன்னொன்றையும் நோக்க வேண்டும். தமிழக அரசு 1999 இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம் அமைந்துள்ளன; மெய்களுள் பெரும்பாலன வலக்கைப் பக்கம் உள்ளன. இடக்கை உயிரைத் தர, வலக்கை மெய்யைத் தருகின்றது. தமிழுக்கு உயிர் தரும் கையைத்தான் நாம் 'பீச்சாங்கை' என்று பெயரிட்டு இழிக்கின்றோம்.

ஆம், மொழியிலும் இவ்வழக்கு உண்டு. வலம் என்றால் வெற்றி, வலிமை. வலவன் என்றால் வல்லவன், தேரோட்டி. மறுபுறமோ 'இடக்குப் பண்ணாதே' என்று அதட்டுகின்றோம். நொட்டாங்கை என்று நகைக்கின்றோம். இங்கு வடக்கே வந்து பார்த்தால், வலக்கையை நேர்க்கை என்னும் பொருளில் 'சீதா ஹாத்' என்றும், இடக்கையைத் தலைகீழ்க்கை என்னும் பொருளில் 'உல்டா ஹாத்' என்றும் சொல்கின்றனர். இழிவு செய்வதில் மட்டும் பாரதம் ஒன்றுபட்டுள்ளது! ஆயினும், அம்மையப்பன் திருவுருவில் உமைக்கு உரியது இடப்பாகமே. தில்லைக் கூத்தன் அடியார்க்குப் புகலாகத் தூக்கிய திருவடி இடத்திருவடியே. அதைச் சுட்டும் கையும் இடக்கையே. நட்பின் இலக்கணம் கூறவந்த வள்ளுவர், உடை நழுவியவனுக்கு விரைந்துதவும் கையை உவமை காட்டினார். அது வலக்கைதான் என்று அவர் வரையறுக்கவில்லை.

'இடக்கை தூய்மையற்றது, அதனால்தான் முன்னோர் விலக்கினர்' என்பார் உளர். அவர்களோடு எனக்குப் பெரும் பிணக்கில்லை. நானும் வலக்கையாலேயே உண்கின்றேன். பெரியோர்க்கு எதையும் வலக்கையாலேயே தருகின்றேன். ஆனால் உண்ணும் கைக்கு உரிய விதியை எழுதும் கைக்கு ஏன் ஏற்றுகின்றீர்? பேனாவை யாரும் சோற்றில் பிசைவதில்லை. காந்தியடிகள் 1909 இல் கில்டோனன் காசில் என்னும் கப்பலில் 'இந்து சுயராச்சியம்' எழுதியபோது, வலக்கை ஓய்ந்த நேரத்தில் இடக்கையால் எழுதினார். கையெழுத்துப்படியின் 275 பக்கங்களுள் 40 பக்கங்கள் அவ்வாறு எழுதப்பட்டவை. அப்பக்கங்களில் மட்டும் கருத்துக்குத் தீட்டு வந்துவிட்டதா?

'பழகினால் எல்லாம் வரும்' என்பார் வேறு சிலர். வரும், நானும் பழகியவன்தான். காவிரிக்கரைச் சிற்றூர்ப் பள்ளியில் ஆறாவது வயதில் என் இடக்கை முட்டியில் அடிமட்டம் விழுந்தது. மூன்று மாதத்தில் வலக்கையால் அகரம் எழுதினேன். அவ்வாண்டு முழுதும் வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை என்று என் தாயார் சொல்வார். வேறு ஊருக்கு மாறி, இன்னோர் ஆசிரியர் பாராமுகமாக விட்ட பிறகே என் கை எனக்கு மீண்டது. பழக்கத்தால் ஒன்று வந்தது என்பது மட்டுமே உங்கள் கணக்கில் ஏறுகின்றது. அதற்காக எது போயிற்று என்பதை எந்தப் பேரேட்டில் பதிந்தீர்கள்?

இங்கே ஓர் உண்மையை மறைக்காது சொல்லிவிடுகின்றேன். என் மகளும் இடக்கைக்காரி. அவளுக்கு ஐந்து வயது நிரம்பிய விசயதசமி நாளில், உறவினர் பலர் சூழ்ந்திருக்க, தட்டில் பரப்பிய அரிசியில் எழுத இடக்கையை நீட்டினாள். 'ஐயோ, அந்தக் கையா?' என்று ஒரு குரல் எழுந்தது. நான் என்ன செய்தேன்? இத்தனை வழக்கும் பேசும் நான், அவள் இடக்கையைச் சட்டென்று பற்றி இழுத்து, வலக்கையை அரிசியில் வைத்தேன். அவள் அழவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்தாள். 'அப்பா, நீங்க மட்டும் அந்தக் கையிலே எழுதறீங்களே?' என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை. கூட்டத்துக்கு அஞ்சியவன் என்பதைத் தவிர அன்று நான் வேறொன்றுமில்லை. என்னை அடித்த ஆசிரியரும் அவ்வாறே எதற்கோ அஞ்சியவராக இருந்திருக்கலாம். அச்சத்தை மரபு என்று பெயர் மாற்றிப் பிள்ளைகளின் கையில் கட்டுகின்றோம்.

ஆகவே இதைப் படிக்கும் பெற்றோரையும் ஆசிரியரையும் அதிகாரிகளையும் நோக்கிச் சொல்கின்றேன். கருவில் இருக்கும்போதே பெரும்பாலான குழந்தைகள் ஒரு கையின் விரலை விரும்பிச் சுவைப்பதை ஸ்கேன் படங்களில் கண்டிருக்கின்றனர். பிறக்குமுன் தொடங்கியதைப் பிரம்பால் திருத்தப் புகுதல் அறிவுடைமை ஆகாது. சலுகை எதையும் நாங்கள் கேட்கவில்லை. இட ஒதுக்கீடும் கேட்கவில்லை. பத்து நாற்காலி வாங்கும் தேர்வுக்கூடம் ஒன்றின் பலகையை இடப்புறம் பொருத்தட்டும். வகுப்பறைப் பெட்டியில் இடக்கைக் கத்தரிக்கோல் இரண்டு கிடக்கட்டும். பிடியை மட்டும் மாற்றிய போலி வேண்டா, அலகையே மாற்றியமைத்தது வேண்டும். அலுவலகங்கள் இரு கைக்கும் பொதுவான மௌஸையே மொத்தமாக வாங்கட்டும். அதனால் வலக்கையர்க்கு யாதோர் இழப்பும் இல்லை. சான்றிதழ் கேட்கும் வேலையும் மிச்சமாகும்.

நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடைபெறுகின்றது. வடபுலத்தில் பிறந்த பிள்ளைகள் அங்கேதான் முதன்முதல் அகரம் எழுதுகின்றனர். தமிழ் அவர்களுக்கு அன்போடு அறிமுகமாக வேண்டும். அங்கே ஒரு பிள்ளை இடக்கையால் எழுதத் தொடங்கினால், அருகில் அமர்ந்து தாளைச் சற்றே வலப்பக்கம் சாய்த்து வைத்துக் கொடுங்கள், கையைத் தொடாதீர்கள். என் மகளின் தாளை இப்போது நான் அவ்வாறுதான் வைத்துக் கொடுக்கின்றேன்.