தனித் தொகுதியும் ஏரியின் பாடும்

சசிகாந்த் செந்தில் 2019 செப்டம்பர் 6 அன்று ஐ.ஏ.எஸ். பணியை விட்டு விலகினார். அப்போது அவர் கர்நாடகத்தின் தட்சிண கன்னட மாவட்ட ஆட்சியர். பன்முக ஜனநாயகத்தின் அடித்தளமே குலைக்கப்படும் காலத்தில் அரசு ஊழியராகத் தொடர்வது அறமாகாது என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த ஆண்டு காங்கிரஸில் சேர்ந்தார். 2023 கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சியின் வார் ரூமை வழிநடத்தினார். 2024இல் திருவள்ளூர் தனித் தொகுதியில் நின்று 5.72 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகமான வித்தியாசம் அதுதான்.

அவர் நிலைப்பாடுகளிலும் குழப்பம் இல்லை. இந்துத்துவ எதிர்ப்பு, அரசியலமைப்பு, சமூக நீதி என்றே பேசுகிறார். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காததற்காகத் தமிழ்நாட்டுக்குரிய சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தபோது, 2025 ஆகஸ்ட் இறுதியில் உண்ணாவிரதம் இருந்து மருத்துவமனை வரை போனார். சாதிவாரிக் கணக்கெடுப்பும் இடஒதுக்கீட்டின் 50 விழுக்காட்டு உச்சவரம்பை உயர்த்துவதும் அவர் கட்சியின் 2024 தேர்தல் அறிக்கையிலேயே இருந்தவை. இப்படியொருவர் நம் தொகுதியில் நிற்கிறார் என்றால் இளைஞர்கள் உற்சாகமடைவது இயல்பு. அந்த உற்சாகத்தோடு ஒரு கேள்வியும் சேர வேண்டும். இந்த அரசியல் பழவேற்காடு ஏரிக்குள் இறங்குமா?

பழவேற்காடு இந்தத் தொகுதியின் வடகிழக்கு மூலையில், பொன்னேரி சட்டமன்றத் தொகுதிக்குள் இருக்கிறது. ஊரைப் பற்றி வெளியே தெரிந்த பிரச்சினை காட்டுப்பள்ளித் துறைமுகம். 330 ஏக்கரில் இருக்கும் அதானி துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்கத் திட்டம். அதில் சுமார் 2,000 ஏக்கர், கடலைத் தூர்த்து உருவாக்க வேண்டிய நிலம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒரு மணல் திட்டு. அதை அலை அரித்துத் தின்றுவிட்டால் ஏரி என்ற ஒன்றே இருக்காது என்பது மீனவக் கிராமங்களின் அச்சம். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிப்போயின. திட்டம் செத்துவிடவில்லை. சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் இடம் டெல்லி. எனவே இது நாடாளுமன்ற உறுப்பினரின் நேரடி வேலை.

ஆனால் துறைமுகத்தை எதிர்ப்பது ஒப்பீட்டளவில் சுலபம். எதிரி வெளியே இருக்கிறான், ஊர் ஒன்றாக நிற்கிறது. ஊர் ஒன்றாக நிற்காத இடம் ஏரிக்குள் இருக்கிறது. அதன் பெயர் பாடு.

பாடு என்பது முறை வைத்து மீன்பிடிக்கும் ஏற்பாடு. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களை வரையறுத்து, யார் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்குள் இது நியாயமான முறை. பணக்காரன் ஏழை பார்க்காமல் முறை வரும், அளவுக்கு மீறிய பிடிப்பும் கட்டுப்படும். சூழலியல் ஆய்வாளர்கள் இதைச் சமூக மேலாண்மைக்கு நல்ல எடுத்துக்காட்டு என்று பாராட்டுவதும் அதனால்தான். எந்தச் சமூகத்தின் மேலாண்மை என்று நாம் கேட்க வேண்டும். பாட்டில் பங்கு குறிப்பிட்ட குப்பங்களைச் சேர்ந்த பட்டினவர் ஆண்களுக்கு. தலித்துகளுக்கு இல்லை, இருளர்களுக்கு இல்லை, பெண்களுக்கு இல்லை. பொதுச் சொத்து என்று நாம் சொல்லும் ஏரியில் பிறப்பால் பங்கு தீர்மானிக்கப்படுகிறது. இதற்குச் சாதி என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

இருளர் பெண்கள் சேற்றுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். படகு இல்லை, வலை இல்லை. புயல் அடித்தாலும், ஆலைக் கழிவு கலந்தாலும், 2023 டிசம்பரில் எண்ணூரில் நடந்ததுபோல் எண்ணெய் படர்ந்தாலும் முதலில் பட்டினி கிடப்பது இவர்கள்தான். சேதத்தைக் கணக்கெடுக்க வருகிறவர்களுக்குப் படகுக்குக் கணக்கு தெரியும், வலைக்குக் கணக்கு தெரியும், கைக்குக் கணக்கு தெரியாது.

இங்கேதான் 'தனித் தொகுதி' என்ற சொல்லுக்குப் பொருள் தேட வேண்டியிருக்கிறது. 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்டோர் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியைத் தந்தது. செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தம் அதைப் பறித்தது. மாகாண சபைகளில் 71ஆக இருந்த இடங்கள் 148ஆக உயர்ந்தன. ஆனால் அந்த இடங்களுக்கு யார் போவது என்பதை முடிவு செய்யும் பலம் பெரும்பான்மைச் சாதிகளின் வாக்குக்குப் போனது. அம்பேத்கர் பின்னாளிலும் இதையே சுட்டிக்காட்டினார். இன்றைய தனித் தொகுதி உறுப்பினர் தலித்தாக இருப்பார், ஆனால் தலித்துகளுக்கு மட்டும் பதில் சொல்லி அவரால் வெல்ல முடியாது. இருளர்களின் நிலை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கிய மக்களவைத் தொகுதி ஒன்றுகூட இல்லை.

எனவே சசிகாந்த் செந்தில் நல்லவரா என்பது நம் கேள்வி அல்ல. பதவியைத் துறக்கும் மனசாட்சி பெரிய விஷயம்தான். ஆனால் மனசாட்சியை நம்பி ஓர் அமைப்பை ஒப்படைக்க முடியாது. 5.72 லட்சம் வித்தியாசம் அவருக்கு ஒரு சுதந்திரத்தைத் தருகிறது. எந்த ஒரு குப்பத்தின் வருத்தமும் அவரைத் தோற்கடிக்காது. அந்தச் சுதந்திரத்தை யாருக்காகச் செலவிடுகிறார் என்பதே கேள்வி.

மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, எம்.பி. என்ன செய்ய முடியும் என்பார்கள். செய்ய முடியும். 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஈ), நீர்நிலைகளின் மீன் மீதான சமூக உரிமையை அங்கீகரிக்கிறது. சரணாலயங்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. பழவேற்காடு பறவைகள் சரணாலயம். இருளர் குடியிருப்புகளின் கிராம சபைகள் இந்த உரிமையைக் கோர அவர் துணை நிற்கலாம். அவர் கட்சி ஆட்சியில் இருந்தபோது வந்த சட்டம்தான் அது. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் வருகிறது. அதில் 15 விழுக்காடு, அதாவது 75 லட்சம், பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காடு, அதாவது 37.5 லட்சம், பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்கப்பட வேண்டும் என்பது விதி. அதில் ஏரிக்கரைக்கு எவ்வளவு வந்தது என்று கேட்பது நம் உரிமை. கையால் இறால் பிடிப்பவரையும் மீனவர் என்று பதிவு செய்து அட்டை கொடுக்கும்படி மாநில அரசை நெருக்குவதும் அவரால் முடிந்ததுதான்.

துறைமுகம் வாசலில் நிற்கும்போது ஊருக்குள் சாதியைக் கிளறலாமா என்று சிலர் கேட்பார்கள். பட்டினவர்களும் பிற்படுத்தப்பட்டவர்கள்தான், அவர்கள் கடலும் பறிபோகிறது என்பது உண்மை. அவர்களைப் பகைப்பது நம் நோக்கமும் அல்ல. ஆனால் ஏரியில் பங்கே இல்லாதவரிடம் 'நம் ஏரியைக் காப்போம் வா' என்று எப்படிக் கூப்பிடுவது? நாளைக்குக் கம்பெனி வந்து ஒப்பந்தக் கூலி வேலை தருகிறேன் என்றால், அவர் இழப்பதற்கு என்ன இருக்கிறது? ஏரியில் எல்லோருக்கும் உரிமை என்று ஆனால்தான் ஏரிக்கு எல்லோரும் காவல் நிற்பார்கள்.

அடுத்த முறை முற்போக்கு வேட்பாளர் ஒருவர் வாக்குக் கேட்டு வரும்போது மோடியைப் பற்றி, அதானியைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பாட்டைப் பற்றி என்ன நினைக்கிறார் என்றும் கேளுங்கள். சசிகாந்த் செந்திலிடம் இதைக் கேட்க அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதில்லை.