ஒரு போல்டுக்காக வவுனியா வரை ஓடவேண்டுமா?

வன்னியில் வயலுக்கு உரம் ஏற்றுவதும், பிள்ளையைப் பாடசாலையில் இறக்குவதும், கரையிலிருந்து மீனைச் சந்தைக்குக் கொண்டுவருவதும் மோட்டார் சைக்கிள்தான். சிறு பழுது என்றால் பலர் வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் பூட்டிக்கொள்கிறார்கள். கராஜ் கூலி மிச்சம். ஆனால் கழற்றும்போது கறள் பிடித்த போல்ட் ஒன்று முறிந்துவிட்டால் வேலை அத்துடன் நின்றுவிடுகிறது. செயின் கிடைக்கும், பிரேக் சூ கிடைக்கும், அந்த ஒரு போல்டுக்குத்தான் கடை கடையாக ஏறி இறங்கவேண்டும்.

கிளிநொச்சியில் இல்லையென்றால் 70 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வவுனியா. அங்கும் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சொல்லிவிட வேண்டும். போல்டின் விலையை விட பஸ் காசு பல மடங்கு. ஆகவே ஆட்கள் கிட்டடியில் உள்ள ஹார்ட்வெயார் கடையில், கண்ணுக்குப் பொருந்துவதாகத் தெரிவதை வாங்கி இறுக்கிவிடுகிறார்கள். நட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

ஜப்பான், இந்திய மோட்டார் சைக்கிள்களின் போல்டுகள் மில்லிமீற்றர் கணக்கு. ஹார்ட்வெயார் கடையில் அங்குலக் கணக்கும் கலந்திருக்கும். 8 மி.மீ. போல்டும் 5/16 அங்குல போல்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் முதலாவதில் புரிக்குப் புரி இடைவெளி 1.25 மி.மீ., மற்றதில் 1.4 மி.மீ. அளவு. இரண்டு சுற்று சுகமாகப் போகும், பிறகு இறுகும். ஸ்பனரைப் போட்டு அழுத்தினால் எஞ்சினின் அலுமினியப் புரி உரிந்து வரும். 10 மி.மீ. போல்டிலும் இதே கதைதான். ஹார்ட்வெயார் கடையில் சாதாரணமாக இருப்பது 1.5 இடைவெளி, ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் 1.25. சில்லறைக் காசில் முடியவேண்டிய வேலை லேத் பட்டறைக்குப் போய்விடுகிறது.

பேச்சிலும் குழப்பம் உண்டு. "12 போல்ட் ஒன்று தாருங்கள்" என்று கேட்பவர் சொல்வது ஸ்பனரின் அளவை. ஜப்பான் வண்டியில் 12 ஸ்பனர் பிடிக்கும் போல்டின் தண்டு 8 மி.மீ.தான். 10 ஸ்பனருக்கு 6, 14 ஸ்பனருக்கு 10. இது தெரியாத கடைக்காரர் 12 மி.மீ. தண்டை எடுத்துக் கொடுத்தால் யாரைக் குறை சொல்வது?

எல்லாவற்றிலும் முக்கியம் பலம். நல்ல போல்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். எண் கூடினால் பலமும் கூடும். ஒன்றும் பொறிக்காத மெல்லிரும்புப் போல்டை மட்காட்டுக்குப் போடலாம். பிரேக்கிலும் சில்லிலும் போட்டால் அது உயிரோடு விளையாடுவது. பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் கறள் பிடிக்காதுதான், ஆனால் சாதாரணமாகக் கிடைக்கும் வகை 8.8 அளவுக்குப் பலமானதல்ல.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இன்றி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மண் இது. கிடைத்ததைப் பூட்டித்தான் ஓடவேண்டியிருந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தது, 2006இல் மூடியது. 2009இல் யுத்தம் முடிந்த பின் பாதை மீண்டும் திறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இன்னும் அந்தக் காலப் பழக்கத்திலேயே வியாபாரம் செய்ய என்ன காரணம் இருக்கிறது?

தேவை இப்போது கூடியிருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் 2022இல் ரூபாவும் சரிந்தது. புது வண்டி எட்டாத விலைக்குப் போனதால் பழைய வண்டிகளையே திருத்தி ஓட்டுகிறார்கள். ஜப்பானில் தபால்காரர்கள் ஓட்டிய ஹொண்டா எம்.டி. 90 இன்னும் நம் தெருக்களில் ஓடுகிறது.

ஆகவே உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு நான் சொல்வது இதுதான். 6, 8, 10 மி.மீ. தண்டில், சரியான புரியில், நாலைந்து நீளங்களில் 8.8 போல்டுகளை வாங்கி, பெட்டியில் அளவை எழ்தி வையுங்கள். ஒன்று கேட்டால் ஒன்று கொடுங்கள். புரி பார்க்கும் கருவி ஒன்றை மேசையில் வையுங்கள், அல்லது அளவு தெரிந்த நட்டு சிலவற்றைக் கம்பியில் கோத்துத் தொங்கவிடுங்கள். பிரேக்குக்கு என்று கேட்பவருக்கு எண் பொறிக்காத போல்டைக் கொடுக்காதீர்கள். அளவையில் மோசம் செய்வது எத்தனை பெரிய பாவம் என்று நமக்குத் தெரியும். பொருந்தாது என்று தெரிந்தே விற்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

"ஒரு போல்டில் என்ன இலாபம், காசு முடங்கிக் கிடக்கும்" என்பார்கள். உண்மைதான், இலாபம் சொற்பம். ஆனால் போல்டுக்கு வந்தவர் ஒயிலும் கேபிளும் அதே கடையில் வாங்குவார், அடுத்த தடவையும் வருவார். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, யுத்தத்தின் பின் முல்லைத்தீவுக்குத் திரும்பித் தொழில் தேடும் நம் குடும்பங்களின் இளைஞர்களுக்கும் சிறு முதலில் தொடங்கக்கூடிய வியாபாரம் இது.

வாங்குபவருக்கும் ஒரு சொல். முறிந்த போல்டை எறியாமல் கடைக்குக் கொண்டுவாருங்கள், துண்டானாலும் பரவாயில்லை. புதியதை முதலில் கையாலேயே சுற்றிப் பாருங்கள். கைக்கு இறுகினால் ஸ்பனரை எடுக்காமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். அதை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பது கடைக்காரரின் கடமை.