யாருடைய கட்டில் அது?

முதியோர் இல்லம் என்ற சொல்லை நம் சமூகம் இன்னும் ஒரு வசைச்சொல்லாகவே வைத்திருக்கிறது. மறையுரைகளில் அது நன்றிகெட்ட பிள்ளைகளின் அடையாளம். தொலைக்காட்சித் தொடர்களில் அது மருமகளின் கடைசி ஆயுதம். திருமண வீடுகளில் அது தாழ்ந்த குரலில் பேசப்படும் செய்தி. 2021-ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர்க்கும் முதியோர்க்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். அந்த ஞாயிறன்று பல ஆலயங்களில் முதியோருக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது. பெற்றோரை இல்லங்களில் 'தள்ளிவிடும்' பிள்ளைகள் கண்டிக்கப்படுகிறார்கள். பிறகு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இந்தக் கண்டனத்தால் ஒரு முதியவருக்காவது ஒரு வேளை மருந்து நேரத்துக்குக் கிடைத்ததா என்று நாம் கேட்கத் துணிகிறோம்.

நாம் சொல்ல வருவது இதுதான். பெற்றோரை நல்லதோர் இல்லத்தில் சேர்ப்பது பாவமன்று. விசாரிக்காமல் சேர்ப்பதும், அவர்களைக் கேட்காமல் சேர்ப்பதும், வசதியிருந்தும் உரிய கட்டணத்தைக் கொடுக்காமல் சேர்ப்பதுமே பாவம். முன்னதை வெட்கத்துக்கு உரியதாக்கி வைத்திருப்பதால்தான் பின்னைய மூன்றும் ஓசையின்றி நடந்துகொண்டிருக்கின்றன.

மதுரை நகரையும் அதைச் சூழ்ந்த மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிச் சமவெளிகளையும் எண்ணிப் பாருங்கள். படித்த பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதை எட்டியவர்கள். இந்திய நாட்டின் சராசரியோ ஒன்பதுக்கும் குறைவு. நான்கு பிள்ளைகள் பகிர்ந்து சுமந்த பாரத்தை இன்று ஒரு பிள்ளையோ இரு பிள்ளைகளோ சுமக்க வேண்டியிருக்கிறது. அதிலும் ஓர் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். "அந்தக் காலத்தில் பெற்றோரை வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம்" என்று பெருமைப்படும் ஆண்களில் பெரும்பாலோர் தாங்கள் பார்க்கவில்லை. அவர்களுடைய மனைவிமார் பார்த்தார்கள். கூலியின்றி, விடுமுறையின்றி, நன்றியும் இன்றிப் பார்த்தார்கள். அந்த மருமகள் இன்று பள்ளியில் ஆசிரியை. அந்த மகள் மருத்துவமனையில் செவிலி. அவர்கள் வேலைக்குச் செல்வதைக் குற்றமாக்கி நம் மரபைக் காத்துவிட முடியாது.

வீடு என்றால் எல்லாம் நலம் என்ற எண்ணமும் சோதிக்கத்தக்கதே. நமக்கு அண்டை மாவட்டமான விருதுநகர்ப் பகுதியில், படுத்த படுக்கையான முதியவரின் தலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து உயிரைப் போக்கும் 'தலைக்கூத்தல்' என்னும் கொடுமை 2010-ஆம் ஆண்டில் செய்தித்தாள்களில் வெளிவந்து நாட்டைத் திடுக்கிடச் செய்தது. அது எந்த இல்லத்திலும் நடக்கவில்லை. சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளைகளின் கண்முன்னே நடந்தது.

பெற்றவரைப் பிறர் பொறுப்பில் ஒப்படைப்பதே தவறென்றால் கல்வாரியை என்ன செய்வது? சிலுவையில் தொங்கிய ஆண்டவர் தம் தாயைத் தாம் பெரிதும் நேசித்த சீடரிடம் ஒப்படைத்தார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. மரியா சென்று தங்கியது அந்தச் சீடருடைய வீட்டில். ஆனால் அந்த ஒப்படைப்பு எப்படி நிகழ்ந்தது என்பதைக் கவனியுங்கள். தாய் அருகில் இருந்தார். அவரிடமே முதலில் பேசப்பட்டது. ஏற்பவர் இன்னார் என்று தெரிந்திருந்தது. அவர் மனமுவந்து ஏற்றார். மறைவாக எதுவும் நடக்கவில்லை.

அந்த வழியில்தான் 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிரான்சு நாட்டின் சேன் செர்வான் என்னும் ஊரில் ஜான் ஜுகான் என்ற ஏழைப் பெண், பார்வையிழந்த ஒரு மூதாட்டியைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து தம் கட்டிலில் படுக்க வைத்தார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அப்படிப் பிறந்தது. 1882-ஆம் ஆண்டில் அச்சபை கொல்கத்தாவுக்கு வந்தது. 2009-ஆம் ஆண்டில் ஜான் ஜுகான் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் விட்டுக்கொடுத்த கட்டில், போக்கிடமற்ற ஓர் ஏழைக்கு உரிய கட்டில். அதை மறவாமல் மேலே செல்வோம்.

ஏனெனில் இன்று நம் அருள்சகோதரிகள் ஏழை முதியோருக்கென நடத்தும் இல்லங்களின் வாசலில் ஒரு பொய் அடிக்கடி சொல்லப்படுகிறது. "இவருக்கு யாரும் இல்லை" என்பதே அந்தப் பொய். தூரத்து உறவினர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அழைத்து வருவார்; சில வாரங்களில் மகனே அவர்தான் என்பது தெரிந்துவிடும். நகரில் வீடு இருக்கும். ஊரில் நிலம் இருக்கும். வெளிநாட்டில் பிள்ளை இருப்பார். மாதந்தோறும் உரிய செலவைக் கொடுங்கள் என்றால் முகம் சுளிப்பார். கிறிஸ்து பிறப்புக்கு ஒரு மூட்டை அரிசியும் ஒரு கேக்கும் கொண்டுவந்து கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வார். இத்தகைய இல்லங்களில் பணிசெய்வோருக்கு இது புதிய செய்தியன்று.

அந்தக் கட்டில் யாருடையது? மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் துணிமூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் ஒரு மூதாட்டியுடையது. வசதியுள்ளவரின் தாய் அதில் இலவசமாகப் படுத்திருக்கும் ஒவ்வோர் இரவிலும் அந்த மூதாட்டி வெளியில் கிடக்கிறார். அதைத் திருட்டு என்று சொல்ல நாம் தயங்கவில்லை. முதல் நூற்றாண்டுத் திருச்சபையே இச்சிக்கலை அறிந்திருந்தது. கைம்பெண்களுக்கு உறவினர் இருந்தால் அவர்களே உதவட்டும், திருச்சபையின் மீது சுமத்த வேண்டாம், ஆதரவற்ற கைம்பெண்களுக்குத் திருச்சபை உதவ வேண்டும் என்ற கருத்தைத் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரமோ இன்னும் கடுமையானது. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்' என்று கடவுளுக்கு நேர்ந்துவிட்டுக் கைகழுவியவர்களை ஆண்டவர் வெளிவேடக்காரர் என்றே கடிந்துகொண்டார். கொடிமரத்துக்கும் சப்பரத்துக்கும் கல்வெட்டில் பெயர் பொறித்து நன்கொடை தருபவர், தம் தாயின் மாதக் கட்டணத்தில் ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினால், அந்த நன்கொடைக்கு வேறென்ன பெயர் வைப்பது?

"சகோதரிகளுக்கு என்ன செலவு? அவர்கள் சேவைக்கு வந்தவர்கள்தாமே?" என்பார் சிலர். படுத்த படுக்கையான ஒருவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். இது இரவும் பகலும் நடக்க வேண்டிய வேலை. மூன்று முறைப் பணியாட்கள் வேண்டும். அவர்களுக்கு விடுப்பு வேண்டும். விடுப்பில் மாற்றாள் வேண்டும். அப்பணியாட்கள் நம் கிராமங்களிலிருந்து வரும் ஏழைப் பெண்கள். கட்டணத்தைக் குறைக்கச் சொல்பவர் அவர்களுடைய கூலியைக் குறைக்கச் சொல்கிறார்.

ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,80,000. ஆண்டுதோறும் ஆறு விழுக்காடு உயர்ந்தால் பத்தாண்டுகளில் ஏறக்குறைய 23 லட்சத்து 70 ஆயிரம். இத்தொகை பெரிதுதான். ஆனால் மகளின் திருமணத்துக்கும் மகனின் பொறியியல் படிப்புக்கும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே சீட்டுக் கட்டும் குடும்பங்கள், நிச்சயம் வரப்போகும் முதுமைக்கு ஒரு ரூபாயும் ஒதுக்குவதில்லை. மூன்று பிள்ளைகள் இருந்தால் தலைக்கு மாதம் 5,000 ரூபாய்; அதைக் கூடி உட்கார்ந்து எழுதிவைத்துக்கொள்ள வெட்கம் ஏன்? முதியவருக்கே சேமிப்போ விற்ற வீட்டின் பணமோ இருந்தால் அது முதலில் அவருக்காகச் செலவாகட்டும். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் முதலீட்டு வரம்பு 2023 ஏப்ரலில் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. அப்போது வட்டி 8.2 விழுக்காடு. அந்த வட்டியில் 15 லட்சம் போட்டவருக்கு மாதக் கணக்கில் 10,250 ரூபாய் வரும். பேரப்பிள்ளைக்கென்று அந்தப் பணத்தைப் பூட்டிவைத்துவிட்டுப் பாட்டியைத் தருமக் கட்டிலில் கிடத்துவது எந்த நீதி?

கட்டணம் வாங்கினால் தருமம் கெட்டுவிடும் என்று அஞ்சுவோருக்கு நம் மதுரையே விடை தருகிறது. அரசுப் பணியிலிருந்து 58-ஆம் வயதில் ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கொடுக்க முடிந்தவர் கொடுத்தார். முடியாதவருக்கு இலவசமாகக் கண்ணொளி கிடைத்தது. முன்னவர் கொடுத்ததால்தான் பின்னவருக்குக் கொடுக்க முடிந்தது. இரு சாராருக்கும் அறுவை செய்த மருத்துவர்கள் ஒருவரே. நம் இல்லங்களும் இவ்வழியில் நடக்கலாம். அரசும் இதை ஏற்கிறது. பதிவுபெற்ற அறநிறுவனங்கள் அறுபது வயது கடந்தோரிடம் தங்குமிடம், உணவு, பராமரிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கும் கட்டணத்துக்கு 2018 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது மதிக்கத்தக்க மறுப்பு. கட்டணம் வாங்கத் தொடங்கிய இல்லம் மெல்ல மெல்லப் பணக்காரரின் விடுதியாகிவிடாதா? ஆகிவிடும், கணக்கு மூடியிருந்தால். கட்டணக் கட்டில் எத்தனை, இலவசக் கட்டில் எத்தனை, வரவு என்ன, செலவு என்ன என்று ஆண்டுதோறும் பங்குமக்கள் முன் எழுதி ஒட்டட்டும். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, திருத்தூதர்கள் முறையிட்டவர்களை அடக்கவில்லை; நற்சான்று பெற்ற எழுவரை நியமித்தார்கள். முறையீட்டைக் கேட்பதும் கணக்கைக் காட்டுவதும் திருச்சபைக்கு அந்நியமானவை அல்ல.

கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. கோவையிலும் பிற நகரங்களிலும் ஓய்வுகாலக் குடியிருப்புகள் விளம்பரங்களோடு எழுந்துள்ளன. அந்த வணிகம் நம் பக்கமும் வரும். வண்ணப்படத்தில் பூந்தோட்டத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உணவு வேளையில் முன்னறிவிப்பின்றிச் சென்று பாருங்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். தரை வழுக்குகிறதா, கழிப்பறையில் பிடித்தெழக் கைப்பிடி உண்டா, சக்கர நாற்காலி செல்லச் சாய்தளம் உண்டா என்று பாருங்கள். நடமாட முடியாமற்போனால், நினைவு தவறினால் வைத்துக்கொள்வார்களா, திருப்பி அனுப்புவார்களா? முன்பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும்? கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு உயரும்? இவை எழுத்தில் இருக்க வேண்டும். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ஆம் ஆண்டில் ஓய்வுகால இல்லங்களுக்கென மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது; மாதிரி என்பதால் அதைக் கேட்டு வலியுறுத்த வேண்டியவர்கள் நாம்தாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே வாழப்போகிறவர் ஒரு வாரமாவது தங்கிப் பார்த்து, தம் வாயால் சம்மதம் சொல்லட்டும். திருப்பலியும் நற்கருணையும் கிடைக்குமா என்பது அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கலாம்; அதை எள்ளி நகையாடக் கூடாது.

முதியோருக்கும் ஒரு சொல். உயிரோடிருக்கும்போதே உடைமையையெல்லாம் கைமாற்றிவிட்டுப் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டாம் என்று சீராக்கின் ஞானநூல் 33-ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது மீட்க வழிசெய்கிறது. அந்த நிபந்தனை நிறுவப்படாவிட்டால் இப்பிரிவு உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் முதியோருக்குச் சாதகமாக அச்சட்டத்துக்கு விரிந்த பொருள்கொண்டு, ஒரு தாய் மகனுக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தை ரத்துசெய்தது. ஆகவே செட்டில்மெண்ட் பத்திரம் எழுதுவோர் அந்த ஒரு வரியைச் சேர்த்தே எழுதட்டும். மகன் மனம் புண்படுமே என்பீர்கள். பராமரிக்கும் எண்ணமுள்ள மகன் அந்த வரியால் எதையும் இழப்பதில்லை.

கொடுக்கவே முடியாதவர்களை மறந்து இதை எழுதவில்லை. அவர்களுக்காகவே எழுதுகிறோம். தமிழக அரசின் முதியோர் ஓய்வூதியம் 2023-ஆம் ஆண்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. நாளொன்றுக்கு நாற்பது ரூபாய். மாவட்டத்துக்கு ஒன்றேனும், 150 பேர் தங்கும் அளவில், வறிய முதியோருக்கு அரசு இல்லம் அமைப்பதைப் பற்றி மேற்சொன்ன சட்டத்தின் 19-ஆம் பிரிவு பேசுகிறது. ஆனால் 'அமைக்கலாம்' என்றுதான் சொல்கிறது. அந்த 'லாம்' போய் 'வேண்டும்' வரும்வரை குரல் கொடுப்பது பொதுநிலையினராகிய நம் கடமை.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். ஒவ்வொரு பங்குப் பேரவையும், ஒவ்வோர் அன்பியமும் தம் எல்லைக்குள் தனித்து வாழும் முதியோரின் பட்டியலை எழுதட்டும். பெற்றோரை இல்லத்தில் சேர்த்த குடும்பத்தைப் புறம்பேசுவதை நிறுத்தி, "அம்மாவை எப்போது பார்த்தீர்கள்? இம்மாதக் கட்டணம் கட்டியாயிற்றா?" என்று உரிமையோடு கேட்கட்டும். வசதியுள்ளவர் தம் தாயின் கட்டிலுக்கு முழுக் கட்டணம் கொடுத்து, இயன்றால் அடுத்த கட்டிலுக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும். அப்போதுதான் பேருந்து நிலையத்தில் படுத்திருக்கும் மூதாட்டிக்கு உரிய கட்டில் அவருக்குக் கிடைக்கும்.