"வீட்ல சும்மாதான் சார் இருக்கான்"

போன மாதம் ஓ.பி.யில் ஒரு தம்பி.
வயது 24. பி.இ. முடித்து இரண்டு வருடம் ஆகிறது.

"படபடப்பா வருது சார். நைட்டு தூக்கமே இல்ல."

இ.சி.ஜி. நார்மல். தைராய்டு நார்மல். ரத்த சோகை இல்லை.

"என்ன பண்றீங்க தம்பி?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த அப்பா சொன்னார்:
"வீட்ல சும்மாதான் சார் இருக்கான்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு நோய் எங்கே என்று புரிந்துவிட்டது.

அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-க்குப் படிக்கிறார். பக்கத்து ஊர் ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாதம் 12,000 ரூபாய். அப்பா விடவில்லை.

"இன்ஜினியரிங் படிக்க வெச்சது கடையில நிக்கவா?"

என் கதையைச் சொன்னேன்.

ஹவுஸ் சர்ஜன் முடித்துவிட்டு எம்.ஆர்.பி. தேர்வுக்காகக் காத்திருந்த 11 மாதம், ஒரு தனியார் மருத்துவமனையில் நைட் டூட்டி டாக்டராக இருந்தேன். "டாக்டருக்குப் படிச்சிட்டு ட்ரிப் ஏத்துற வேலையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஆனால் பரீட்சைக்குப் பணம் கட்ட அப்பாவிடம் கை நீட்டவில்லை. பதறிப்போய் வருகிறவர்களிடம் நிதானமாகப் பேச அங்கேதான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் கேஷுவாலிட்டியில் அதுதான் கைகொடுக்கிறது.

வேலையில்லாத காலத்தில் பணம் மட்டும் போவதில்லை மக்களே. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் போய்விடுகிறது. ராத்திரி 3 மணி வரை போன், காலை 11 மணிக்கு எழுவது, வெயிலில் தலை காட்டாமல் இருப்பது. இப்படியே ஆறு மாதம் போனால் யாருக்கும் படபடப்பு வரும்.

அதற்காகக் கிடைத்ததில் எல்லாம் போய் விழச் சொல்லவில்லை. தற்காலிக வேலை அப்படியே நிரந்தரமாகிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். எனவே நான்கு விஷயங்கள்.

👉 ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். சரிபார்த்த கையோடு திரும்ப வாங்குங்கள். நல்ல வேலை வரும்போது அதுதான் காலைக் கட்டும்.

👉 படிக்கத் தினமும் 3 மணி நேரமாவது மிஞ்சுகிற வேலையா என்று பாருங்கள். தூக்கத்தைத் தின்கிற வேலை படிப்பையும் தின்றுவிடும்.

👉 டெலிவரி வேலை என்றால் பெட்ரோல், வண்டி சர்வீஸ் போகக் கையில் எவ்வளவு நிற்கிறது என்று கணக்குப் போடுங்கள். ஹெல்மெட் கட்டாயம். அந்தப் பனியனோடு அடிபட்டு வருகிற தம்பிகளுக்குத் தையல் போடுகிறவன் சொல்கிறேன்.

👉 சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உண்டா என்று கேளுங்கள். உங்கள் பங்கு 0.75% மட்டுமே. 12,000 சம்பளத்துக்கு வெறும் 90 ரூபாய். உங்களுக்கும் உங்களை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் கிடைக்கும்.

கடைசியாக, ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். "அடுத்த தேர்வு வரை", "ஒரு வருஷம் வரை" என்று. தேதி இருந்தால்தான் அது தற்காலிகம்.

பெற்றோருக்கு ஒன்று. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் "கடையில வேலை பாத்துக்கிட்டே பரீட்சைக்குப் படிக்கிறான்" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். உங்கள் கௌரவம் ஒன்றும் குறையாது. "சும்மா இருக்கான்" என்ற சொல்தான் பிள்ளையைக் குறைக்கிறது.

மனசு ரொம்ப பாரமாக இருந்தால் 14416, டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.

அந்தத் தம்பிக்கு மாத்திரை எதுவும் எழுதவில்லை. அப்பாவை உள்ளே கூப்பிட்டு இதையேதான் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவர், கிளம்பும்போது மகனிடம் கேட்டார்:

"அந்தக் கடைக்காரர் நம்பர் இருக்கா?"