பாதை மக்களின் சொத்து

2025 செப்டம்பரில் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா, விப்ரோ நிறுவனத்தின் அசிம் பிரேம்ஜிக்கு ஒரு கடிதம் எழுதினார். பெங்களூரு வெளிவட்டச் சாலையின் போக்குவரத்து நெரிசலைக் குறைக்க, சர்ஜாபூர் சாலையிலுள்ள அந்நிறுவன வளாகத்தின் வழியே வாகனங்கள் ஓரளவு சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். சில நாள்களில் பதில் வந்தது. அந்த வளாகம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்து; பொதுப் போக்குவரத்துக்கான வழியன்று; சிறப்புப் பொருளாதார மண்டலம் என்பதால் கடுமையான நுழைவுக் கட்டுப்பாடுகளும் உண்டு என்று கூறிக் கோரிக்கை மறுக்கப்பட்டது. நெரிசலுக்குத் தீர்வு காணும் ஆய்வுக்கான செலவில் பெரும்பங்கை ஏற்பதாக நிறுவனம் முன்வந்தது.

சட்டத்தின் கண்கொண்டு பார்த்தால் இந்த மறுப்பில் பிழையில்லை. தனியார் நிலத்தின் மீது பொதுவழி உரிமையைக் கடிதம் எழுதி உருவாக்கிவிட முடியாது. ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. தனியார் நிலத்தில் பொதுமக்கள் கால்வைக்க ஒரு மாநிலத்தின் முதலமைச்சரே வேண்டுகோள் விடுக்க வேண்டியுள்ளது. பொதுமக்களின் பாதையைத் தனியார் நிலத்தோடு சேர்த்துக்கொள்ள விரும்புகிறவர் யாரிடம் வேண்டுகோள் விடுக்கிறார்? பெங்களூருவைச் சுற்றியுள்ள கிராமங்களில் அதற்கு ஒரு வேலியும் இரும்புக் கதவும் சீருடை அணிந்த ஒரு காவலாளியும் போதுமானவையாக இருக்கின்றன.

சட்டம் வழங்கிய காப்பு

கிராமப் பாதைகள் கேட்பாரற்ற நிலமல்ல. 1964ஆம் ஆண்டின் கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தின் 67ஆவது பிரிவு, தனியாருக்கு உரியவை என நிறுவப்படாத பொதுச் சாலைகள், தெருக்கள், சந்துகள், பாதைகள் அனைத்தும் மாநில அரசின் சொத்து என்கிறது. 68ஆவது பிரிவு, அவற்றை மூடும் முறையை வகுக்கிறது. ஒரு பாதை மக்களுக்கு இனித் தேவையில்லை என்று அரசு கருதினால், அப்பகுதியில் பொது அறிவிப்புச் செய்து, உரிமை கோருவோரின் குரலைக் கேட்டு, அதன்பின் முறையான அறிவிக்கை வெளியிட்டே அதன் மீதான பொது உரிமையை முடிவுக்குக் கொண்டுவர இயலும். 1966ஆம் ஆண்டின் நில வருவாய் விதிகள், சாலை, நடைபாதை, ஓடை, இடுகாடு முதலிய பொதுப் பயன்பாட்டுக்கான நிலத்தை ‘பி கராபு’ என்று தனியே வகைப்படுத்துகின்றன. பட்டா நிலத்தின் நடுவே அமைந்திருந்தாலும் அது பட்டாதாரருக்கு உரியதன்று.

கிராம வரைபடத்தில் ஒற்றைப் புள்ளிக்கோடு என்றால் காலு தாரி. இரட்டைப் புள்ளிக்கோடு என்றால் பண்டி தாரி. தமிழ்நாட்டு உழவர்கள் ஒற்றையடிப் பாதை, வண்டிப்பாதை என்று சொல்பவைதான் இவை. வரைபடத்தில் ஏறிய பாதையைக் கர்நாடக உழவர்கள் ‘நகாஷெ தாரி’ என்று அழைக்கிறார்கள். ஒருமுறை பொதுவழியானது என்றென்றும் பொதுவழியே என்ற பழைய கோட்பாட்டை இந்திய நீதிமன்றங்களும் எடுத்தாண்டுள்ளன. அரசியல் சட்டத்தின் 11ஆவது அட்டவணை, சாலைகளையும் சிறுபாலங்களையும் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களின் பட்டியலில் 13ஆவதாக வைத்திருக்கிறது.

இத்தனை காப்புகள் இருந்தும் பாதைகள் மறைகின்றன. 68ஆவது பிரிவின்படி மூடப்பட்டு மறைந்திருந்தால் கிராமத்தார் ஆட்சேபித்திருப்பார்கள். மூடப்படாமலே மறைவதுதான் சிக்கல். ஆவணத்தில் பாதை உயிரோடு இருக்கிறது, மண்ணில் இல்லை.

மறையும் மூன்று வழிகள்

முதல் வழி மனைப்பிரிவு. ரியல் எஸ்டேட் நிறுவனம் ஒன்று பாதையின் இருபுறத்து நிலங்களையும் வாங்குகிறது. நடுவிலுள்ள பி கராபு நிலத்தை எவரும் விற்கவில்லை. ஆயினும் சுற்றுச்சுவர் எழும்பும்போது அது சுவருக்கு உள்ளே போய்விடுகிறது. மனைப்பிரிவுக்குள் போடப்படும் சாலைகளை உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைத்த பிறகு, அவற்றில் பொதுமக்கள் செல்வதைத் தடுக்க முடியாது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் 2022இல் பெங்களூரு வழக்கு ஒன்றில் தெளிவாகக் கூறியது. புதிதாகப் போட்ட சாலைக்கே இது பொருந்துமென்றால், மனைப்பிரிவு வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே ஊரார் நடந்த பாதைக்கு எவ்வளவு பொருந்த வேண்டும்!

இரண்டாவது வழி நிலம் கையகப்படுத்தல். 1966ஆம் ஆண்டின் கர்நாடகத் தொழில் பகுதி மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் இறுதி அறிவிக்கை வெளியானதும், நிலம் எல்லாச் சுமைகளிலிருந்தும் விடுபட்டு அரசைச் சேர்ந்துவிடுகிறது. ‘சுமை’ என்று சட்டம் சொல்வதற்குள் ஊரார் நடந்துபோகும் உரிமையும் அடங்கிப்போகிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், சமூகத் தாக்க மதிப்பீட்டில் சாலைகள், குடிநீர் ஆதாரங்கள், இடுகாடுகள் ஆகியவற்றுக்கு நேரும் பாதிப்பையும் ஆராய வேண்டும் என்கிறது. மாநிலத் தொழில் பகுதிச் சட்டத்தைக் கையிலெடுத்தால் அந்த மதிப்பீட்டைத் தவிர்த்துவிடலாம். ஆட்சியாளர்கள் எடுப்பதும் அதைத்தான். தேவனஹள்ளி வட்டத்தின் சன்னராயபட்டணத்தில் 13 கிராமங்களின் 1,777 ஏக்கருக்கு நேரவிருந்தது இதுவே. அங்கே உழவர்கள் மூன்றாண்டுகளுக்கும் மேலாகப் போராடினார்கள். 2025 ஜூலை 15 அன்று கையகப்படுத்தலைக் கைவிடுவதாக முதலமைச்சர் அறிவித்தார். வயல்களைக் காத்த அந்த வெற்றி, வயல்களுக்குச் செல்லும் பாதைகளையும் காத்தது.

மூன்றாவது வழி விரைவுச்சாலை. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூரு – மைசூரு நெடுஞ்சாலையின் முதன்மைத் தடங்களில், அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் டிராக்டர்களுக்கும் தடை விதிக்கப்பட்டது. அதிவேகச் சாலையில் பாதுகாப்புக்காக இத்தகைய தடை தேவைப்படலாம். ஆனால் இத்தகைய சாலை வேலியிட்டுச் செல்லும்போது குறுக்கே இருந்த வண்டிப்பாதைகள் இரண்டாக வெட்டப்படுகின்றன. எதிர்ப்புறத்து வயலுக்குப் போக, சுரங்கவழி இருக்கும் இடம்வரை உழவர் சுற்றிச் செல்கிறார். அந்தக் கூடுதல் டீசலும் நேரமும் எந்தத் திட்ட அறிக்கையின் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இவற்றோடு நகர விரிவாக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2007இல் 110 கிராமங்கள் பெங்களூரு மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. இணைந்த நாளிலேயே அங்கே கிராமசபை இல்லாது போனது. பாதையைப் பற்றிக் கேள்வி கேட்கும் மன்றம் கலைந்தபின் பாதை கலைவதற்கு நெடுங்காலம் ஆவதில்லை.

நிலமற்றவருக்கு என்ன வழி?

பாதை அடைபடும்போது எல்லோரும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. நிலமுள்ளவருக்கு 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. வேறு வழியே இல்லாத நிலத்துக்கு அவசியத்தின் பேரில் வழி கேட்கலாம். 20 ஆண்டுகள் தடையின்றி நடந்த வழியை உரிமையாகக் கோரலாம். ஆனால் இந்த உரிமை நிலத்தோடு ஒட்டியது. ஒரு நிலத்தை அனுபவிப்பதற்காக இன்னொரு நிலத்தின் மீது பெறும் உரிமை. நிலமே இல்லாத கூலித் தொழிலாளிக்கு அந்தச் சட்டத்தின் வாசல் ஏறக்குறைய மூடியே இருக்கிறது. வேலைக்கும், ஆடு மேய்க்கவும், விறகு பொறுக்கவும், இறந்தவரை இடுகாட்டுக்குச் சுமந்து செல்லவும் அவருக்கு இருப்பது பொதுப்பாதை ஒன்றே. கிராம வரைபடத்தின் அந்தப் புள்ளிக்கோடுதான் நிலமற்றவரின் பெயர் எழுதப்படாத பட்டா. அதை அழிக்கும்போது முதலில் வழியிழப்பவர்கள் தலித்துகளும் கூலி உழைப்பாளிகளும் பெண்களுமே.

பாதை அடைப்புகள் குறித்த புகார்கள் பெருகியதால், 2023இல் கர்நாடக வருவாய்த் துறை தாசில்தார்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 147ஆவது பிரிவையும் வசதியுரிமைச் சட்டத்தையும் பயன்படுத்தி, உழவர்கள் வயலுக்குச் செல்லும் வழிகளைத் திறந்துவிடுமாறு அது அறிவுறுத்தியது. வரவேற்க வேண்டிய நடவடிக்கைதான். ஆனால் அந்த 147ஆவது பிரிவு, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166ஆவது பிரிவு, அமைதி குலையும் அபாயம் இருந்தால்தான் செயல்படத் தொடங்கும். ஆண்டு முழுதும் பயன்படுத்தும் வழியாக இருந்தால், விசாரணைக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தியிருக்கவும் வேண்டும். கைகலப்புக்குத் துணிகிறவருக்கு வழி திறக்கலாம். பண்ணையாருக்கும் பில்டருக்கும் அஞ்சி மூன்று மாதம் வாய்மூடி இருந்த ஏழைக்கு, காலம் கடந்துவிட்டது என்பதே பதிலாகிவிடும். உழவரின் வயல்வழியைப் பேசும் சுற்றறிக்கையில், வயலே இல்லாதவரின் வழிக்கு இடமில்லை.

புதிய பாதை உருவாகும்போதும் சுமை எளியவர் மீதே விழுகிறது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியது முதல், நிலத்துக்கென அதில் நிதி கிடையாது. நிலத்தைத் தருவது மாநிலத்தின் பொறுப்பு. நடைமுறையில் சிறு உழவர்கள் தங்கள் வரப்பையும் நிலத்தின் ஓரத்தையும் இழப்பீடின்றி விட்டுக்கொடுத்தே பல ஊர்களுக்குத் தார்ச்சாலை வந்தது. அவர்கள் கொடுத்து உருவான சாலையில், பின்னர் வந்த பெருமுதலாளி கதவு போடுவதை எந்த நியாயம் ஏற்கும்?

போராட்டம் திறந்த வழிகள்

பாதை என்பது இந்நாட்டில் ஒருபோதும் வெறும் மண்ணாக இருந்ததில்லை. 1924இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்கானது. அந்த வரலாற்றின் தொடர்ச்சியாகவே, பொது நிதியில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களுக்கென விடப்பட்ட சாலைகளைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் தடை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது. அச்சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் வழியை மறித்து ஒரு சுவர் நின்றது. இடதுசாரி இயக்கத்தின் இடைவிடாத போராட்டத்தால் 2008 மே 6 அன்று அச்சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது.

இங்கிலாந்தின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் பகுதியின் இளம் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, நிலவுடைமையாளர்கள் அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் நடந்தார்கள். முன்னின்றவர் பென்னி ரோத்மன் என்ற இளம் கம்யூனிஸ்ட். அவர் உட்பட ஐவர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். இத்தகைய இயக்கங்கள் எழுப்பிய மக்கள் கருத்தின் விளைவாக 1949இல் வந்த சட்டம், ஒவ்வொரு பகுதியின் பொதுப் பாதைகளையும் அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏற்றச் செய்தது. அதில் ஏறிய பாதையைப் பொதுவழி அல்ல என்று மறுக்க முடியாது. ஆட்சேபம் வந்தால் விசாரணை நடத்தாமல் மூடவும் முடியாது. சிறைக்குச் சென்றவர்கள் கேட்டது, அவர்களைச் சிறைக்கு அனுப்பிய நாட்டின் சட்டமாயிற்று.

கோர வேண்டியவை

கர்நாடக அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. பெங்களூருவிலும் அதைச் சுற்றியும் உள்ள மாவட்டங்கள் தொடங்கி, ஒவ்வொரு கிராமத்தின் வரைபடப் பாதைகளையும் ஊரார் முன்னிலையில் நடந்தே அளந்து, ஆக்கிரமிப்பு விவரத்துடன் கன்னடத்தில் வெளியிட வேண்டும். வரைபடத்தில் ஏறாத, வழக்கத்தில் உள்ள பாதைகளைக் கிராமசபை விசாரித்துச் சேர்க்க வேண்டும். எந்தப் பாதையையும் மூடவோ திசைமாற்றவோ கிராமசபையின் ஒப்புதலைச் சட்டத்திலேயே கட்டாயமாக்க வேண்டும். மாற்றுப்பாதை பயன்பாட்டுக்கு வந்த பின்னரே பழையது மூடப்பட வேண்டும். ஊராட்சி மாநகராட்சியோடு இணைந்தாலும் இந்த உரிமை அப்பகுதி மக்களின் வார்டு சபைக்குத் தொடர வேண்டும். பி கராபு பாதை சுவருக்குள் சிக்கும் எந்த மனைப்பிரிவுக்கும் அனுமதி கூடாது. தொழில் பகுதிச் சட்டத்தின்கீழ் எடுக்கப்படும் நிலத்துக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு தேவை. நிலமில்லாதவர் உட்பட எவரும் பாதை அடைப்பு குறித்து முறையிடவும், குறிப்பிட்ட நாளுக்குள் தாசில்தார் தடையை அகற்றவும், அகற்றத் தவறினால் பதில் சொல்லவும் சட்டத்தில் இடம் வேண்டும்.

அரசு தானாக இவற்றைச் செய்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பெங்களூருவின் விளிம்பில் நிலத்தின் விலை ஏக்கருக்குக் கோடிகளில் பேசப்படுகிறது. அந்த விலைக்கு முன் ஒரு புள்ளிக்கோடு மிக மெலிந்தது. அதைக் காக்க விவசாயிகள் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் அமைப்புகளும் தலித் இயக்கங்களும் கைகோக்க வேண்டும். ஒவ்வொரு கிராமசபையிலும் ஊர் வரைபடத்தை வரவழைத்து விரிக்கச் செய்வது அதன் முதல் படி. வரைபடத்தில் உள்ள பாதையில் ஊரோடு நடந்து செல்வது அடுத்த படி.

தனியார் வளாகத்தின் வழியைத் திறக்குமாறு வேண்டுகோள் விடுத்த அரசு, மக்களின் வழியைத் திறக்க எவரிடமும் வேண்டுகோள் விடுக்க வேண்டியதில்லை. அதற்கான சட்டம் 1964 முதல் அதன் கையிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்த வைப்பது மக்களின் கையில் இருக்கிறது.