போக்குச் சொல்லுகிறவர்களும் நாமும்



லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன பெரிய விருந்தின் உவமையை அறிவீர்கள். அழைக்கப்பட்டவர்களில் ஒருவன் வயலையும், மற்றொருவன் ஐந்தேர் மாடுகளையும், வேறொருவன் புது மனைவியையும் காட்டி வர மறுத்தான். வயலும் மாடும் மனைவியும் தேவன் தந்த நன்மைகளே. அந்த நன்மைகளே தேவனுடைய அழைப்புக்குத் தடையாயின.

இன்று நம் அயலார் சொல்லும் போக்குகள் எவை?

"அது வெள்ளைக்காரர் மதம்" என்கிறார்கள். மயிலாடியின் வரலாற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள். அவ்வூர் மகாராசன் மெய்ப்பொருளைத் தேடிச் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். தேடியது கிட்டாத மனத்தோடு தஞ்சாவூருக்கு வந்து, அங்கே சுவிசேஷத்தைக் கேட்டார். வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பித் தம் உறவினருக்கு அதை அறிவித்தார். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே ஐயர் ஆரல்வாய்மொழி வழியே 1806-இல் வந்தது அதற்குப் பின்னரே. மயிலாடிக்கு அந்த விளக்கை ஏந்தி வந்தவர் மயிலாடிக்காரரே.

"உற்றாரும் ஊராரும் என்ன சொல்வார்கள்?" என்கிறார்கள். இந்த அச்சத்தை இகழாதீர்கள். விசுவாசத்துக்கு விலை உண்டு. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு மரித்தார். உத்தியோகத்தையும் உயிரையும் கொடுத்துப் பெறத்தக்க ஒன்று உண்டு என்பதற்கு நம் மண்ணே சாட்சி.

"பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். தோவாளைப் பூச்சந்தையில் விடியற்காலையில் விலைபோகாத பிச்சிப்பூ உச்சிவெயிலுக்குப் பின் என்னவாகும் என்பதை நாமும் அறிவோம், அவர்களும் அறிவார்கள்.

இம்மூன்றுக்கும் விடை சொல்லிவிடலாம். நான்காவது ஒன்று உண்டு: "உங்கள் சபையிலும் சாதி பார்க்கிறீர்களே, தேர்தல் வந்தால் பகைக்கிறீர்களே, வழக்காடுகிறீர்களே!" பிரியமானவர்களே, இந்தப் போக்கை அவர்கள் கையில் கொடுத்தவர்கள் நாமே. பெண் கொள்ளும்போதும் கொடுக்கும்போதும் சாதியைக் கேட்டுவிட்டு, கிறிஸ்துவுக்குள் யாவரும் ஒன்று என்று எந்த வாயினால் அறிவிப்போம்? இதற்கு வாதத்தால் மறுமொழி சொல்ல முடியாது. மனந்திரும்பித்தான் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது போக்கு நம்முடையது: "அவர் எங்கே கேட்கப்போகிறார்!" அடுத்த வீட்டாரோடு இருபது ஆண்டுகள் வாழ்ந்தோம், அவர்கள் வீட்டு ஓணச் சத்யாவை உண்டோம், கிறிஸ்துமஸ் பலகாரத்தை அவர்களுக்குக் கொடுத்தோம். கிறிஸ்துவைக் குறித்து ஒரு வார்த்தையாவது சொன்னோமா? அவர் கேட்கமாட்டார் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை நமக்குத் தந்தவர் யார்? உவமையின் ஊழியக்காரன் எத்தனை போக்குகளைக் கேட்டபோதும் மறுபடியும் தெருவுக்குப் போனான்.

ஆகையால் இவ்வாரம் முதலாவது, நீங்கள் பகைத்திருக்கும் சகோதரனிடம் போய் ஒப்புரவாகுங்கள். அதன்பின் அயலார் ஒருவரை அழையுங்கள். ஆசை காட்டாமலும், வற்புறுத்தாமலும், அவருடைய தெய்வங்களைப் பழிக்காமலும் அழையுங்கள். வருவதும் மறுப்பதும் அவருடைய உரிமை. அழைப்பது நம்முடைய கடமை.

கர்த்தர்தாமே நம் நாவையும் நடையையும் ஒன்றாக்குவாராக. ஆமென்.